பத்துப் பேரில் ஒருவர்

1587 பிப்ரவரி 1ஆம் தேதி, கிரீன்விச் அரண்மனை. வழக்கமாக வரும் செயலாளர் வால்சிங்காம் நோயில் படுத்திருந்ததால், இன்னொரு செயலாளர் தாள்கட்டுடன் அரசியின் அறைக்குள் போகிறார். பெயர் வில்லியம் டேவிசன். பதவிக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. அரசி எலிசபெத் அவரைப் பார்த்ததும், இவ்வளவு இதமான காலையாக இருக்கிறதே, கொஞ்சம் வெளியே நடந்துவிட்டு வந்தீரா என்று விசாரிக்கிறார். உடம்பைப் பார்த்துக்கொள்ளும்படி சொல்கிறார். பிறகு தாள்களை வாங்கி ஒவ்வொன்றாகக் கையெழுத்திடுகிறார். அவற்றில் ஒன்று, ஸ்காட்லாந்தின் முன்னாள் அரசி மேரியின் தலையை வெட்டுவதற்கான ஆணை.

இந்தக் காட்சியை நமக்குச் சொல்லியிருப்பவர் டேவிசன்தான். எல்லாம் முடிந்து, தன் தரப்பை எழுதிவைக்க வேண்டிய நிலைக்கு அவர் தள்ளப்பட்டபோது அந்தக் காலை விசாரிப்பையும் மறக்காமல் எழுதினார். டியூடர் காலத்தைப் பற்றி நான் படித்தவற்றுள் என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இந்த இடம். ஸ்பானியக் கப்பற்படை தோற்றதும், முத்துக்கள் தைத்த அங்கிகளும், அரசியின் காதல்களும் எனக்குப் பின்னால் போய்விட்டன. அந்த அறையில் யார் முடிவெடுத்தார்கள் என்ற கேள்வி மட்டும் நிற்கிறது.

நம்மில் பலருக்கு இந்த அரசி அறிமுகமானது சேகர் கபூர் 1998இல் எடுத்த படத்தின் வழியாக. அதில் வில்லியம் செசில் தளர்ந்துபோன கிழவர். அரசி அவருக்குப் பட்டம் கொடுத்து ஓய்வுக்கு அனுப்பிவிடுகிறார். உண்மை வேறு. 1558 நவம்பரில் எலிசபெத் அரியணை ஏறியபோது செசிலுக்கு வயது 38. ஏறிய மூன்றாம் நாளே அவரை முதன்மைச் செயலாளராக்கினார் அரசி. எந்தப் பரிசுக்கும் மயங்காமல், என் சொந்த விருப்பத்தைப் பொருட்படுத்தாமல், நாட்டுக்கு எது நல்லதென்று படுகிறதோ அதைச் சொல்ல வேண்டும் என்பது அன்று அவர் செசிலிடம் கேட்டுக்கொண்டதன் சாரம். செசில் அதற்குப் பிறகு நாற்பது ஆண்டுகள் பணியில் இருந்தார். 1571இல் பர்லி பிரபு ஆனார், 1572இல் கருவூலத் தலைவர். 1598 ஆகஸ்டில் அவர் சாகக் கிடந்தபோது அரசி பக்கத்தில் உட்கார்ந்து தன் கையால் உணவு ஊட்டினார் என்கிறார்கள். ஒரு ஆட்சியாளருக்கும் ஆலோசகருக்கும் இடையே இவ்வளவு நீண்ட உறவு உலக வரலாற்றில் அபூர்வம்.

இந்த உறவு நடந்தது காகிதத்தில். எலிசபெத்துக்கு நிலைப்படை கிடையாது. சம்பளம் வாங்கும் அதிகாரிகள் மிகக் குறைவு. மாவட்டந்தோறும் சட்டத்தை நடத்தியவர்கள் ஊதியமில்லாத உள்ளூர்ப் பெரிய மனிதர்கள். அவர்களுக்குப் போகும் கடிதங்களும் அவர்களிடமிருந்து வரும் கடிதங்களும்தான் அரசாங்கம். அந்தக் கடிதங்கள் ஒரே வாசலில் வந்து குவிந்தன: செயலாளரின் மேசை. எந்தத் தாள் அரசிக்குப் போக வேண்டும், எது காத்திருக்கலாம், எதை எந்த நேரத்தில் முன்வைப்பது என்று தீர்மானித்தவருடைய கையில் பாதி அரசு இருந்தது. செசில் எழுதிய குறிப்புகள் இன்றும் கட்டுக்கட்டாக இருக்கின்றன. ஒரு சிக்கலை எடுத்தால் ஒரு பக்கம் சாதகம், மறுபக்கம் பாதகம் என்று வரிசையாக எழுதிக்கொண்டே போவார். ஸ்காட்லாந்துக்குப் படை அனுப்பலாமா, அரசி பிரெஞ்சு இளவரசரை மணக்கலாமா, மேரியை என்ன செய்வது, எல்லாம் அந்த இரண்டு வரிசைக்குள் வந்துவிடும். நடுநிலையான கணக்குப்போல் தோன்றும். ஆனால் வரிசைகளை வரைந்தவருக்கு எந்தப் பக்கம் கனக்க வேண்டும் என்பது பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்திருந்தது.

செயலாளருக்கு அடுத்தபடி பிரிவி கவுன்சில். இந்தப் பெயர் நமக்குப் புதிதல்ல. சொத்து வழக்குகள் லண்டன் வரை போன காலத்தில் நம் ஊர்ப் பெரியவர்கள் வாயில் புழங்கிய பெயர். ராமநாதபுரம் ஜமீனின் தத்து வழக்கில் 1868இல் தீர்ப்புச் சொன்னது அதன் நீதிக்குழுதான். அந்த நீதிக்குழுவின் மூதாதையான சபை எலிசபெத்தின் காலத்தில் ஒரு நீள மேசையைச் சுற்றி உட்காரும் சிறு கூட்டமாக இருந்தது. அவருடைய அக்காள் மேரி டியூடரின் சபையில் நாற்பதுக்கும் மேற்பட்ட பெயர்கள் இருந்தன. எலிசபெத் அதை இருபதுக்குள் சுருக்கினார். கூட்டம் பெரிதானால் குழப்பமே மிஞ்சும் என்பது அவருடைய எண்ணம். வாதத்தை அவர்கள் தங்களுக்குள் நடத்திக்கொண்டு, முடிவுகளோடு அவரிடம் வர வேண்டும். பல நேரம் அவர் தனித்தனியாகவும் ஆலோசனை கேட்பார். ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். யாரையும் முழுவதும் நம்பிவிடாமல் இருக்க அவர் கண்டுகொண்ட வழி அது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் நகர முடியாது. அந்த மேசையைச் சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் ஆண்கள். பெண்ணின் ஆட்சி இயற்கைக்கு விரோதம் என்று ஜான் நாக்ஸ் புத்தகம் போட்டது எலிசபெத் அரியணை ஏறிய அதே 1558இல். அவருக்கு மறுப்பு எழுதிய ஜான் எய்ல்மர்கூட, பெண் ஆள்வதால் ஆபத்தில்லை, ஆள்வது அவர் மட்டுமல்ல, சட்டமும் சபையும் சேர்ந்துதான் என்ற தோரணையிலேயே ஆறுதல் சொன்னார். ஒரு தூதரின் ஆள், மேலிடத்துச் செய்தியை நேரே அரசியிடம் பேசிவிட்டார் என்பதற்காக செசில் கடிந்துகொண்டதும் உண்டு. பெண்ணின் அறிவுக்கு மிஞ்சிய விஷயம் என்று அவர் கருதினார். ஆறு மொழிகள் தெரிந்த, கிரேக்கம் படித்த ஒரு பெண்ணைப் பற்றி! செசிலின் மதிப்பும் விசுவாசமும் உண்மையானவை. ஆனால் தாங்கள் இல்லாவிட்டால் இவர் தவறிவிடுவார் என்ற எண்ணமும் அதே அளவு உண்மையானது. இரண்டும் ஒரே மனிதருக்குள் நாற்பது வருடம் சேர்ந்து குடியிருந்தன.

அதற்கு மறுபக்கமும் இருந்தது. அரசர் ஆணாக இருந்தபோது படுக்கையறை வரை போய்க் காதில் ஓதும் உரிமை ஆண்களுக்கு இருந்தது. எட்டாம் ஹென்றியை உடை மாற்றும் நேரத்தில் பிடித்துக் காரியம் சாதித்தவர்கள் உண்டு. எலிசபெத்தின் உள்ளறையில் பெண்கள்தான். குழந்தைப் பருவத்திலிருந்து கூட இருந்த பிளான்ச் பாரி போன்றவர்கள். அமைச்சர்கள் வாசலில் நின்றார்கள். அரசியின் மனநிலை இன்று எப்படி என்று அந்தப் பெண்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் உள்ளே போனார்கள். சபையின் எழுத்தராக இருந்த ராபர்ட் பீல் 1592இல் செயலாளர் பதவிக்கு ஆசைப்பட்ட ஒருவருக்காக எழுதிய அறிவுரைக் கையேட்டில் இது அப்படியே இருக்கிறது: உள்ளே போகுமுன் உள்ளறையில் இருப்பவர்களில் உமக்கு வேண்டியவர் மூலம் மனநிலையை அறிந்துகொள்ளும். அரசி கையெழுத்திடும்போது அவருக்குப் பிடித்த ஏதாவது பேச்சைப் பேசிக்கொண்டிரும். அதைப் படித்தபோது கிரீன்விச் காட்சி வேறாகத் தெரிந்தது. அன்று காலை இனிய பேச்சைத் தொடங்கியது செயலாளர் அல்ல, அரசி. அந்த வித்தையை அவர்களைவிட அவர் நன்றாகக் கற்றிருந்தார்.

அரசிக்கு மிக நெருக்கமான ராபர்ட் டட்லியைப் பற்றி ஏராளமாக எழுதிவிட்டார்கள், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். அரசி பதவியேற்ற நாட்களிலேயே அவர் குதிரைலாயத் தலைவர். அரசி எங்கு போனாலும் கூடவே போகும் பதவி. 1562 அக்டோபரில் அரசி அம்மை கண்டு சாவின் விளிம்புக்குப் போனபோது, தனக்குப் பிறகு நாட்டின் காவலராக டட்லியை நியமிக்கும்படி சபையைக் கேட்டார். 1564இல் அவர் லெஸ்டர் பிரபு ஆனார். செசிலும் அவரும் ஜென்மப் பகைவர்கள் என்பது பாதிதான் சரி. பெரும்பாலான நாட்களில் ஒரே மேசையில் ஒரே கடிதத்தின் அடியில் இருவரும் கையெழுத்திட்டார்கள். அரசியின் திருமணம், அவருக்குப் பின் வாரிசு, மேரியால் வரும் ஆபத்து: இவற்றில் அவர்கள் எல்லோரும் ஒன்றாக நின்று அரசியை நெருக்கியதுதான் அதிகம்.

நெருக்கும் சக்தி அவர்களுக்கு எவ்வளவு இருந்தது என்பதற்கு 1579 அக்டோபர் சாட்சி. பிரெஞ்சு அரசரின் தம்பி அஞ்சூ பிரபுவை மணக்க எலிசபெத் விரும்பினார். அவருக்கு 46 வயது, கடைசி வாய்ப்பு. சபை நாட்கணக்கில் விவாதித்தது. செசில் ஆதரவு, சபை உறுப்பினர்களான ஹாட்டனும் மில்ட்மேயும் எதிர்ப்பு. கடைசியில், செய்துகொள்ளுங்கள் என்று ஒருமித்துச் சொல்ல அவர்களால் முடியவில்லை. உங்கள் விருப்பம் என்னவோ சொல்லுங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். அரசி அழுதுவிட்டார். வேண்டாம் என்று சபை சொல்லவில்லை. வேண்டும் என்று சொல்லாமல் இருந்ததே போதுமானதாயிற்று. அதே திருமணத்தை எதிர்த்து அச்சிட்டு வெளியிட்ட ஜான் ஸ்டப்ஸ் என்பவருக்கு அந்த ஆண்டு வலது கை வெட்டப்பட்டது. ஒரே கருத்து. சபைக்குள் சொன்னால் ஆலோசனை, வெளியே சொன்னால் குற்றம்.

எலிசபெத்திடம் இருந்த ஆயுதம் தாமதம். கையெழுத்திட்டதைத் திரும்பப் பெறுவார், கூப்பிட்டு அனுப்பியவரைத் திருப்பி அனுப்புவார். 1572இல் நார்ஃபோக் பிரபுவின் மரண ஆணையைப் பலமுறை கொடுத்துக் கொடுத்துத் திரும்ப வாங்கினார். ஜூன் மாதம்தான் தலை விழுந்தது. அமைச்சர்கள் தவித்தார்கள். கடிதங்களில் புலம்பினார்கள். இதைப் பெண்ணின் தடுமாற்றம் என்று எழுதிய வரலாற்றாசிரியர்கள் பலர். நான் அப்படி நினைக்கவில்லை. பணமில்லாத ஒரு நாடு, வாரிசு இல்லாத அரசி, மதத்தால் பிளந்த மக்கள். எல்லாச் சிக்கலுக்கும் இன்றே தீர்வு என்று கேட்ட ஆண்களுக்கு நடுவில், நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லத் தெரிந்தவர் அவர் ஒருவர். பல போர்கள் அதனால் தள்ளிப்போயின. ஆனால் தாமதத்துக்கும் ஒரு விலை உண்டு. அதை அரசி கொடுக்கவில்லை.

மேரியின் விஷயத்துக்கு வருகிறேன். 1568இல் ஸ்காட்லாந்திலிருந்து தப்பி வந்தவர் 19 ஆண்டுகள் இங்கிலாந்தின் காவலில். கத்தோலிக்கர்களின் கண்ணில் அடுத்த அரசி, சிலருக்கு இப்போதே அரசி. எலிசபெத் அவரைக் கொல்லவும் மாட்டார், விடவும் மாட்டார். செசிலும் வால்சிங்காமும் பொறுக்க மாட்டாமல் அரசியைச் சுற்றி ஒரு வேலி கட்டத் தொடங்கினார்கள். 1584 அக்டோபரில் அவர்கள் எழுதிய உறுதிமொழிப் பத்திரம்: அரசிக்கு எதிராகச் சதி நடந்தால், அது யாருடைய உரிமைக்காக நடந்ததோ அவரையும் கொல்வோம் என்று நாடெங்கும் ஆயிரக்கணக்கானவர்கள் கையெழுத்திட்டார்கள். அரசி திடீரென்று இறந்துவிட்டால் சபையே கூடி அரசை நடத்தி வாரிசைத் தேர்வது எப்படி என்றும் செசில் வரைவுகள் எழுதினார். முடியில்லாமலும் அரசு நடக்கும் என்ற எண்ணம் அவர்களுக்குள் ஊறியிருந்தது. அதனால்தான் வரலாற்றாசிரியர் பாட்ரிக் காலின்சன் அந்த ஆட்சியை முடியுள்ள குடியரசு என்ற பொருள்பட அழைத்தார்.

1586இல் வால்சிங்காமின் வலை விரிந்தது. சார்ட்லி மாளிகையில் இருந்த மேரிக்கு பீர் பீப்பாய்க்குள் ஒளித்துக் கடிதங்கள் போய்வர ஒரு வழி திறந்துவிடப்பட்டது. வழியைத் திறந்தவர்களே வாசிக்கவும் செய்தார்கள். அந்தோணி பாபிங்டன் என்ற இளைஞர் எலிசபெத்தைக் கொல்லும் திட்டத்தை எழுதினார். ஜூலையில் மேரி பதில் எழுதினார். அதைப் பிரித்து, சங்கேதத்தை உடைத்துப் படித்த தாமஸ் ஃபெலிப்ஸ், தன் பிரதியின் வெளிப்புறத்தில் தூக்குமரம் ஒன்றை வரைந்து வால்சிங்காமுக்கு அனுப்பினார். அக்டோபரில் ஃபாதரிங்ஹே கோட்டையில் விசாரணை, பிறகு தண்டனைத் தீர்ப்பு. நவம்பரில் நாடாளுமன்றம் கெஞ்சியது. விடையில்லாத விடை என்று தானே சொல்லி அரசி அனுப்பிவிட்டார். அப்போதும் தாமதம். அமைச்சர்கள் கட்டிய பாதை அந்தத் தாள்வரை வந்து நின்றது. மிச்சம் ஒரு கையெழுத்து.

பிப்ரவரி 1இல் அது கிடைத்தது. இதை நோயாளி வால்சிங்காமிடம் காட்டும், வருத்தத்தில் உயிரே போய்விடும் என்று அரசி விளையாட்டாகச் சொன்னதாக டேவிசன் எழுதுகிறார். அதோடு இன்னொன்றும் சொன்னார். மேரியின் காவலரான அமியாஸ் பாலெட், உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்திட்டவர்தானே, இந்தச் சுமையை அவரே என்னிடமிருந்து இறக்கக் கூடாதா? அதாவது, ஆணை இல்லாமல், ஓசையில்லாமல். டேவிசனும் வால்சிங்காமும் அப்படிக் கேட்டு அவருக்குக் கடிதம் எழுதினார்கள். பாலெட் மேரியை வெறுத்த கடும் பியூரிட்டன். மறுநாள் பதில் எழுதினார்: என் சொத்தும் உயிரும் அரசியுடையவை, ஆனால் சட்டமும் ஆணையும் இல்லாமல் இரத்தம் சிந்தி என் மனச்சாட்சியைக் கெடுத்துக்கொள்ள மாட்டேன். இந்த வரலாறு முழுவதிலும் ஆட்சியாளர் கேட்டதற்கு முகத்துக்கு நேராக முடியாது என்று சொன்னவர் இவர்தான். அரசிக்கு அந்தப் பதில் எரிச்சலூட்டியது.

அதற்குள் மரண ஆணையில் அரசின் பெருமுத்திரை விழுந்துவிட்டது. இரண்டாம் தேதி அரசி ஆள் அனுப்பி, முத்திரைக்குப் போகாமல் காத்திருக்கச் சொன்னார். ஆகிவிட்டது என்றார் டேவிசன். ஏன் இத்தனை அவசரம் என்று கேட்டார் அரசி. அனுப்பு என்றும் சொல்லவில்லை, அனுப்பாதே என்றும் சொல்லவில்லை. வாய்மொழி உத்தரவின் பேரில் வேலை செய்து பழகிய எந்த அலுவலருக்கும் அந்த நிமிடத்தின் பயம் தெரியும். டேவிசன் ஹாட்டனிடம் ஓடினார். இருவரும் செசிலிடம் போனார்கள். மூன்றாம் தேதி செசிலின் அறையில் கூடியவர்கள், தன் பங்கை அரசி செய்துவிட்டார், இனி நம் பங்கு என்று முடிவு செய்தார்கள். காரியம் முடியும்வரை அவரிடம் சொல்வதில்லை என்றும் உறுதி செய்துகொண்டார்கள். ஃபாதரிங்ஹேக்குப் போன கடிதத்தில் பத்துப் பேர் கையெழுத்து: செசில், லெஸ்டர், கடற்படைத் தலைவர் ஹோவர்ட், ஹாட்டன், படுக்கையிலிருந்த வால்சிங்காம் என்று போகும் பட்டியலில் டேவிசனும் ஒருவர். ஆணையை எடுத்துச் சென்றவர் ராபர்ட் பீல், கையேடு எழுதிய அதே பீல். பிப்ரவரி 8 காலை மேரி கொல்லப்பட்டார்.

செய்தி வந்ததும் அரசியின் கோபம் அரண்மனையை உலுக்கியது. அது நடிப்பு என்பார்கள். முழுவதும் நடிப்பென்று எனக்குத் தோன்றவில்லை. முடிசூடிய ஒரு பெண்ணைச் சட்டத்தின் பேரால் வெட்ட முடியும் என்றால் தன் கழுத்தும் பத்திரமில்லை என்று அவருக்குத் தெரியும். அவருடைய அம்மா ஆன் பொலினும் அப்படித்தான் போனார். ஆனாலும் யாரையாவது கைகாட்ட வேண்டியிருந்தது. ஸ்காட்லாந்தில் மேரியின் மகனுக்கு, இது என் எண்ணத்துக்கு மாறாக நடந்துவிட்டது என்று எழுதினார். செசிலைச் சில மாதம் முகத்தில் விழிக்கவிடவில்லை. அவர் உருகி உருகிக் கடிதங்கள் எழுதினார், பிறகு திரும்பி வந்தார். டேவிசன் லண்டன் டவரில் அடைக்கப்பட்டார்.

மார்ச் 28இல் ஸ்டார் சேம்பர் நீதிமன்றத்தில் விசாரணை. நேர்மையானவர் என்று நீதிபதிகளே சொன்னார்கள். கிரே பிரபு அவருக்காக உருக்கமாகப் பேசினார். டேவிசன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரே வழி, அந்த அறையில் அரசி தன்னிடம் என்ன சொன்னார் என்பதை, பாலெட்டுக்கு எழுதச் சொன்னது உட்பட, எல்லோர் முன்னும் திறந்து சொல்வது. அவர் சொல்ல மறுத்தார். அரசியின் அந்தரங்கப் பேச்சை வெளியிட மாட்டேன் என்று நின்றார். தண்டனை 10,000 மார்க் அபராதம், அரசியின் விருப்பம் உள்ளவரை சிறை. அவரைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் எளிது. அவருக்குப் பெரிய குடும்பம் இல்லை, படையில்லை, அரசியோடு இளமைக்கால நினைவுகள் இல்லை. முந்தைய ஆண்டு லெஸ்டர் நெதர்லாந்தில் அரசியைக் கேட்காமல் ஆளுநர் பட்டம் ஏற்றுக்கொண்டபோது, அதை விளக்க அனுப்பப்பட்டு இரண்டு பக்கமும் வசை வாங்கியவரும் இதே டேவிசன்தான்.

ஏப்ரல் 29இல் புதிய அரசச் சான்சலர் பதவியேற்றார். பெருமுத்திரை அவர் கைக்கு வந்தது. அவர் கிறிஸ்டோபர் ஹாட்டன்.

ஆலோசகர்கள் அரசியை ஆட்டிவைத்தார்களா, அரசி அவர்களை ஆட்டிவைத்தாரா என்று ஆய்வாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். என் தீர்ப்பு இது: ஒருவர் முடிவெடுக்காமல் இருப்பதற்கும் மற்றவர்கள் அவருக்காக முடிவெடுப்பதற்கும் இடையே ஒரு மௌன ஒப்பந்தம் இருந்தது, அதன் பலத்தில்தான் அந்த ஆட்சி 44 ஆண்டுகள் நின்றது. செசிலின் திறமையும் எலிசபெத்தின் பொறுமையும் அந்த ஒப்பந்தத்தின் இரண்டு கைகள். இருவரையும் நான் மதிக்கிறேன். ஆனால் அந்த மதிப்பை எழுதும் எவரும் டேவிசனின் பெயரை விட்டுவிட்டு எழுதக் கூடாது. பெரிய வரலாறுகளில் அவர் ஒரு பத்தியில் வந்து மறைகிறார். அது நியாயமல்ல.

ஏறத்தாழ ஒன்றரை ஆண்டில் சிறையிலிருந்து விட்டார்கள். அபராதத்தை வற்புறுத்தவில்லை. 1590இல் வால்சிங்காம் கடனோடு இறந்தபோது, செயலாளர் இடத்துக்கு டேவிசனைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்படி எசெக்ஸ் பிரபு அரசியிடம் மன்றாடினார். அரசி இசையவில்லை. இடம் ஆறு ஆண்டுகள் காலியாகக் கிடந்து, 1596இல் செசிலின் மகன் ராபர்ட்டுக்குப் போனது. 1603 மார்ச்சில் எலிசபெத் இறந்தார். மேரியின் மகன் ஜேம்ஸை அரசராக அறிவித்ததும் அதே சபைதான். வில்லியம் டேவிசன் 1608 டிசம்பரில் இறந்தார். எலிசபெத்தின் அறைக்குள் அவர் திரும்ப அழைக்கப்படவே இல்லை.